கலந்து ஆடக் கூடாது என்றால், தனி இடம் எங்கே?



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், ஸஹாபாக்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக. முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர், கூட்டம் கலையும் வரை தூண் ஓரமாகக் காத்திருந்து ஒரு மஸ்அலா கேட்டார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருஷமாக பேட்மிண்டன் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாளாம். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் கலப்பு இரட்டையர் பிரிவுக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது ஒரு பையனும் இவளும் ஜோடி. எதிர்ப்பக்கமும் அதே போல ஒரு பையனும் ஒரு பெண்ணும். "ஹஜ்ரத், அனுப்பலாமா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கூடாதுன்னுதான் சொல்வீங்க, தெரியும். மட்டையை எடுத்துப் பரண் மேலே போட்டுட்டேன். பிள்ளை மூணு நாளா என்கூடப் பேசலை."

கலப்பு ஆட்டம் கூடாது என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் மட்டை ஏன் பரணுக்குப் போனது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருக்கும் உரியது. அதனால்தான் இன்று மிம்பரில் பேசுகிறேன்.

ஓடினார்கள், எப்படி ஓடினார்கள்?

பெண்களும் விளையாட்டும் என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்திதான். அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் வருகிறது. ஒரு பயணத்தில் இருவரும் ஓடினார்கள், அன்னை வென்றார்கள். பின்னொரு காலத்தில், அன்னையவர்களுக்கு உடல் சற்றுப் பருத்த பிறகு, இன்னொரு பயணத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் வென்றார்கள். அன்றைக்கு இன்றைக்குச் சரியாகிவிட்டது என்ற கருத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

இந்த ஹதீஸை இரண்டு கூட்டத்தார் பாதி மட்டும் படிக்கிறார்கள். பெண்ணுக்கு எதற்கு ஓட்டமும் ஆட்டமும் என்று கேட்பவர், அன்னை ஓடினார்கள் என்பதையே மறந்துவிடுகிறார். இஸ்லாத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து போட்டியிட ஆதாரம் இருக்கிறது என்று இதையே எடுத்துக்காட்டுபவர் வேறு இரண்டு விஷயங்களை மறக்கிறார். ஒன்று, ஓடியவர்கள் கணவனும் மனைவியும். இன்னொன்று முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில் தெளிவாக இருக்கிறது: ஓடுவதற்கு முன் நபியவர்கள் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் அப்படித்தான். அவர்கள் முன்னே போன பிறகுதான் பந்தயம்.

கவனியுங்கள். ஊரார் இருக்கிறார்கள், அதனால் நீ ஓடாதே என்று நபியவர்கள் தம் மனைவியிடம் சொல்லவில்லை. ஊராரைத்தான் நகர்ந்து போகச் சொன்னார்கள்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு கிதாபுகளிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. கதீப் ஷிர்பீனி (ரஹ்) அவர்கள் முஃக்னில் முஹ்தாஜில் பந்தயங்களைப் பற்றிய பாடத்தில், பெண்களுக்கு இதை இமாம் ஸைமரீ தடுத்திருப்பதை எடுத்துச் சொல்கிறார்கள். உடனே இமாம் ஜர்கஷீ அதற்குத் தந்த விளக்கத்தையும் எழுதுகிறார்கள். பந்தயப் பொருள் வைத்து ஓடுவதுதான் தடுக்கப்பட்டதே தவிர, அடியோடு அல்ல, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஓடியிருக்கிறார்களே என்பது அந்த விளக்கம். எனவே பெண் பிள்ளை விளையாடுவது மார்க்கத்திற்கே அந்நியம் என்று பேசுபவர் எந்தக் கிதாபைப் பார்த்துப் பேசுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

(பந்தயப் பொருள் என்றதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே வென்ற அணிக்குப் பரிசாகக் கொடுக்கும் கிரிக்கெட் போட்டிகள் நம் ஊரிலும் நடக்கின்றன. எல்லோரும் பணம் போட்டு ஒருவர் அள்ளிக்கொண்டு போவது சூது. பரிசை வெளியாள் ஒருவர் தந்தால் அது வேறு. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் வந்து கேளுங்கள்.)

இரண்டு தூரங்கள்

சரி, பருவமடைந்த அந்நிய ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் போட்டியிடுவது ஏன் கூடாது? வெட்கத்தைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் பிறகு வருகிறேன். முதலில் நீதியிலிருந்து தொடங்குகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், அவர்களும் அதில் ஓடியவர்களே. பந்தயத்திற்கென்று பக்குவப்படுத்தி வளர்த்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. அப்படிப் பக்குவப்படுத்தாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. முதல் தூரம் ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் விளக்குகிறார்கள்.

குதிரைக்கே இந்த நியாயம்! எல்லாம் குதிரைதானே, ஒன்றாக ஓடட்டும் என்று விடவில்லை. சமமில்லாதவற்றை ஒரே கோட்டில் நிறுத்துவது சமத்துவமாகாது. தனியாகப் பிரித்ததால் இரண்டாவது வகைக் குதிரைக்கு எந்த இழிவும் வரவில்லை. அதற்கும் ஒரு களம் கிடைத்தது, அதிலும் ஒரு குதிரை முதலில் வந்தது.

இன்றைய விளையாட்டு உலகமும் இதைத்தான் செய்கிறது. ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. வாலிபால் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலக சாதனை 9.58 வினாடி, பெண்களின் உலக சாதனை 10.49 வினாடி. ஒரு வினாடி கூட இல்லையே என்று தோன்றும். அந்த ஓட்டத்தில் அது ஏறக்குறைய பத்து மீட்டர் இடைவெளி. பத்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. பருவ வயதில் அல்லாஹ் இரு உடம்பையும் இரு வழியில் வளர்க்கிறான். எலும்பும் தசையும் மூச்சும் மாறுகின்றன. ஷரீஅத் சிறு பிள்ளைக்கு ஒரு சட்டமும் பருவமடைந்தவருக்கு ஒரு சட்டமும் வைப்பது ஏன் என்று கேட்பவருக்கு இதிலும் யோசிக்க விஷயம் இருக்கிறது.

1998-இல் ஆஸ்திரேலியாவில் வீனஸ், செரீனா வில்லியம்ஸ் என்ற இரு டென்னிஸ் சகோதரிகள், அப்போது 17, 16 வயது, உலகத் தரவரிசையில் இருநூறுக்குக் கீழே இருந்த ஒரு ஆண் வீரருடன் ஆளுக்கொரு செட் ஆடினார்கள். செரீனா 6-1, வீனஸ் 6-2 என்று தோற்றார்கள். பின்னாளில் உலகின் முதலிடத்தைப் பிடித்தவர்கள் இவர்கள். எல்லோருக்கும் ஒரே போட்டிதான் என்று வைத்திருந்தால் இவர்கள் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆண்களோடு மோதி வென்றாரே என்று சிலர் சொல்லும் பில்லி ஜீன் கிங்கின் கதையையும் முழுதாகப் பாருங்கள். 1973 செப்டம்பரில், 29 வயதில், 55 வயதான பாபி ரிக்ஸ் என்ற முன்னாள் வீரரை அவர் தோற்கடித்தார். அந்த ஒரு ஆட்டத்தைத்தான் பேசுகிறார்கள். அதே வருஷம் அவர் பாடுபட்டு நிறுவியது பெண்களுக்கென்று தனி டென்னிஸ் சங்கம். ஆண்கள் பிரிவில் என்னைச் சேருங்கள் என்பது அவர் போராட்டமாக இருக்கவில்லை. பெண்கள் பிரிவுக்கும் அதே பரிசுத் தொகை கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. அமெரிக்க ஓப்பனில் அந்த வருஷமே அது கிடைத்தது.

பார்வை யாருடையது?

இனி வெட்கத்தின் விஷயம். ஸூரத்துன் நூரில் 30, 31 ஆகிய இரு ஆயத்துகளில் பார்வையைத் தாழ்த்தும் சட்டம் வருகிறது. முதலில் யாரை நோக்கி வருகிறது? ஆண்களை நோக்கி. பெண்களுக்கான ஆயத் அடுத்ததுதான். நம் வீடுகளில் நாம் இரண்டாவதிலிருந்து ஓதத் தொடங்குகிறோம்.

கலப்பு இரட்டையர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு பதினைந்து வயதில் இருவரும் தினமும் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும், ஒருவர் அசைவை மற்றவர் உற்றுக் கவனிக்க வேண்டும், புள்ளி எடுத்தால் கைகொட்டிக்கொள்ள வேண்டும், வெளியூர்ப் போட்டிக்குச் சேர்ந்து போக வேண்டும். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் விளையாட்டுக்குத் தேவையானதுதான். தேவையானதாக இருப்பதால்தான் அந்தப் பிரிவையே நாம் தவிர்க்கிறோம். அண்ணனும் தங்கையும் வீட்டு முற்றத்தில் ஆடட்டும், கணவனும் மனைவியும் மொட்டை மாடியில் ஆடட்டும், சுன்னத்தின் நன்மையும் கிடைக்கும் இன்ஷா அல்லாஹ்.

உடை விஷயத்தில் நாம்தான் உலகத்தோடு ஒட்டாதவர்கள் என்று நம் பிள்ளைகள் கூசிப்போகிறார்கள். 2021-இல் நார்வே நாட்டுப் பெண்கள் கடற்கரைக் கைப்பந்து அணி, உடம்பு தெரியும் சிறிய உள்ளாடை போன்ற உடைக்குப் பதிலாகத் தொடை வரை மூடும் கால்சட்டை அணிந்து ஆடியது. ஐரோப்பியப் போட்டியில் அதற்கு 1500 யூரோ அபராதம் போட்டார்கள். கூட ஆடிய ஆண்களுக்குக் கால்சட்டை, பெண்களுக்கு அது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த விதி மாறியது. 2011-இல் பேட்மிண்டனிலும் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று உலக அமைப்பு விதி கொண்டுவரப் பார்த்து, வீராங்கனைகளே எதிர்த்ததால் கைவிட்டது. உடம்பைக் காட்டு என்று யாரோ சொன்னதற்கு மாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்களில் பலர் முஸ்லிம்கள் கூட இல்லை. ஹயா என்பது அல்லாஹ் மனிதப் படைப்பில் வைத்தது.

ஆண்களையும் விடுவதாக இல்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஆணுக்கும் அவ்ரத். கபடி ஆடும்போதும் ஃபுட்பால் ஆடும்போதும் தொடை தெரிய நிற்கும் நம் பையன்களை யாராவது தடுத்ததுண்டா? மகள் முழுக்கைச் சட்டையோடு மட்டை பிடித்தால் வீட்டில் பஞ்சாயத்து, மகன் அரைக்கால் சட்டையோடு இரவு பதினோரு மணிக்கு டர்ஃபுக்குப் போய், வந்து படுத்து, ஃபஜ்ரைத் தூக்கத்தில் விட்டால் சின்னப் பையன்தானே என்று ஒரு சிரிப்பு. இது என்ன மார்க்கம்?

பிரித்தால் போதுமா?

ஜமாஅத்தார்களே, இன்று நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பிரிப்பது பாதி வேலை.

1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஸ்கீட் என்ற துப்பாக்கி சுடும் போட்டி ஆண்கள் பெண்கள் இருபாலரும் கலந்து பங்கேற்கும் போட்டியாக இருந்தது. பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும். உடல் வலிமையை விடக் கண்ணும் கையும் நிதானமும் வேண்டிய போட்டி. சீனாவைச் சேர்ந்த ஜாங் ஷான் என்ற பெண், ஆண்கள் எல்லோரையும் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்ஸ் 1996, அட்லாண்டா. அதில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்குத் தனியாக வைத்தார்களா? இல்லை. 2000-இல் சிட்னியில்தான் பெண்களுக்கென்று ஸ்கீட் வந்தது. தங்கம் வென்றவருக்கு அடுத்த போட்டியில் நிற்கவே இடமில்லை.

பிரித்தது மட்டும் நடந்தது, கொடுத்தது நடக்கவில்லை. இதற்குப் பெயர் ஒழுக்கமில்லை, ளுல்ம். பரண் மேல் கிடக்கும் அந்த மட்டையும் எனக்கு இதைத்தான் நினைவூட்டியது.

நபி (ஸல்) அவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். பெண்கள் வந்து முறையிட்டார்கள்: உங்களிடம் வருவதில் ஆண்களே முந்திக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று. புகாரியில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. நபியவர்கள் ஆண்களோடு வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, உங்களுக்கு எதற்கு இல்ம் என்று அனுப்பியும் விடவில்லை. நாளைக் குறித்தார்கள். அந்த நாளில் தாமே போய் நின்று போதித்தார்கள். மஸ்ஜிதுன் நபவியில் ஒரு வாசலைக் காட்டி, இதைப் பெண்களுக்கு விட்டுவிட்டால் என்ன என்றார்கள். அபூதாவூதில் வருகிறது: இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் மரணம் வரை அந்த வாசல் வழியாக நுழையவே இல்லை. ஒதுக்கிக் கொடுப்பது அங்கே ஆண்களுடைய வேலையாக இருந்தது. ஆண்கள் சுற்றிக்கொண்டு வேறு வாசலால் போனார்கள்.

ஈத் நாளில் ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னால் மறைத்து நிற்கவைத்துக்கொண்டு, அவர்களாகச் சலித்துத் திரும்பும் வரை நபியவர்கள் அசையாமல் நின்றார்கள். அதைச் சொல்லிவிட்டு அன்னையவர்கள் பெற்றோர்களுக்குச் சொல்வது போல ஒரு வார்த்தை சேர்க்கிறார்கள்: விளையாட்டில் ஆசையுள்ள இளவயதுப் பெண்ணின் மனதை நீங்கள் மதிப்பிட்டுப் பாருங்கள் என்ற கருத்தில். அன்னையின் தோழிகள் பொம்மை விளையாட வந்து, நபியவர்களைக் கண்டதும் ஒளிந்துகொள்வார்கள். நபியவர்கள் அவர்களைத் திரும்ப அனுப்பிவைப்பார்கள், போய் அவளோடு விளையாடுங்கள் என்று. உலகத்தின் சுமையெல்லாம் தோளில் இருந்த நபிக்கு ஒரு சிறுமியின் விளையாட்டுக்கு நேரம் இருந்தது. மூன்று நாளாகப் பேசாத பிள்ளையின் தகப்பனார் மட்டுமல்ல, நாம் எல்லோரும் இந்த ஹதீஸ்களை வீட்டில் எடுத்து ஓத வேண்டும்.

நம் பெண்களின் உடம்பைப் பாருங்கள். முப்பத்தைந்து வயதில் மூட்டுவலி, நாற்பதில் சர்க்கரை, தொழுகையில் நாற்காலி. பலமான முஃமினை அல்லாஹ் அதிகம் விரும்புகிறான் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸில் ஆண் மட்டும் என்று எழுதியிருக்கவில்லை. சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் மூன்று தங்கம் வென்று வந்தார். அந்தத் தகப்பனாரிடம் இருந்த வசதி நம்மில் பலருக்கு இருப்பதை விடக் குறைவுதான்.

என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பெண்கள் ஒற்றையர் இருக்கிறது, பெண்கள் இரட்டையர் இருக்கிறது, அதற்குப் பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் மரியாதையாகச் சொன்னால் மறுக்க மாட்டார். முழுக்கைச் சட்டை, கால் முழுவதும் மூடும் தளர்வான பேண்ட், தலைத்துணி. சர்வதேச ஃபுட்பாலில் 2014-லிருந்தும், கூடைப்பந்தில் 2017-லிருந்தும் தலையை மறைத்து ஆட அனுமதி இருக்கிறது, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருக்காதா? நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை, கேட்காமலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் தனிமையில் விடாதீர்கள், தாயாரோ மற்ற பிள்ளைகளோ கூட இருக்கட்டும். வெளியூர் என்றால் தகப்பனாரோ அண்ணனோ கூடப் போகட்டும். ஒரு நாள் கடையை மூடினால் ரிஸ்க் குறைந்துவிடாது.

இன்னொன்று ஜமாஅத்தின் வேலை. நம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. உயரமான கூரை, சுற்றிலும் சுவர், பெண்களுக்குத் தனி வாசல், உளூச் செய்யும் இடம் எல்லாம் உண்டு. நிக்காஹ் விருந்துக்கு வரும் பெண்களுக்குத் திரை போட்டுத் தருகிற நமக்கு, அதே மண்டபத்தில் இரண்டு கம்பம் நட்டு ஒரு வலை கட்டத் தெரியாதா? இது பற்றி முத்தவல்லி அவர்களிடமும் கமிட்டியாரிடமும் பேசினேன். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக, ஒத்துக்கொண்டார்கள்.

திங்கள், புதன் இரண்டு நாளும் அஸரிலிருந்து மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்பு வரை மண்டபம் பெண்களுக்கு மட்டும். நம் மஹல்லாவில் கல்லூரிக் காலத்தில் பேட்மிண்டன் ஆடிய சகோதரி ஒருவர் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார். அந்த நேரத்தில் மண்டபத்தின் முன் வாசல் பக்கம் ஆண்கள் வண்டி நிறுத்த வேண்டாம், பின் தெரு வழியாகப் போய்க்கொள்ளுங்கள். வலைக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார். மட்டைகள் தேவைப்படுகின்றன. வீட்டில் பரண் மேல் கிடந்தால் தொழுகைக்குப் பின் மோதினார் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.